மழை நாள் அளவு

மழை பெய்யும்போது ரப்பர் மரம் தண்ணீர் குடிக்காது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் போனதால்தான் ஸ்டெல்லாபாய் என்னிடம் மாட்டினாள்.

மூக்கறைக்கல் எஸ்டேட்டில் பதினான்கு பிளாக். பிளாக்குக்கு ஐந்நூறு மரம். ஒவ்வொரு மரத்திலும் நெஞ்சு உயரத்தில் மூன்று ஊசிகள், ஒன்றின் மேல் ஒன்றாக. நடு ஊசி லேசாகச் சூடாகும். அந்தச் சூடு மேல் ஊசிக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது என்று கருவி பார்க்கும். மரத்துக்குள் தண்ணீர் வேகமாக ஏறினால் சூடும் வேகமாக ஏறும். அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள மூன்று வருடம் பொறியியல் படித்துவிட்டுப் பாதியில் ஓடிவந்திருக்க வேண்டியதில்லை. நான் ஓடிவந்தேன்.

ஏழாயிரம் மரங்களின் கோடுகளையும் கேட்டுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து பார்ப்பது என் வேலை. நல்ல மரம் காலை ஏழு மணிக்குக் குடிக்கத் தொடங்கும். உச்சிவெயிலில் கோடு மேடாக எழும்பும், சாயங்காலம் இறங்கும். நோய் மரம் ஒன்பது மணிக்குத்தான் தொடங்கும், பத்தரைக்கே படுத்துவிடும். மேலே இலை இழுத்துக்கொண்டிருக்கும், கீழிருந்து வராது. கொஞ்ச நாளில் பட்டை உலர்ந்து பால் நின்றுபோகும். பால்வெட்டுகிறவர்கள் இதைப் பட்டைமரப்பு என்பார்கள்.

எட்டே வருடத்தில் உலகத்தின் பாதித் தோட்டங்கள் இப்படி நின்றுபோயின. தொற்று என்றார்கள். கத்தி வழியாகவா, மண் வழியாகவா, செருப்பு வழியாகவா என்று தெரியவில்லை. தெரியாததால் எல்லாவற்றையும் ஆட்களோடு சேர்த்துப் பூட்டினார்கள். மூக்கறைக்கல்லில் கேட் விழுந்து நாலு வருடம். அன்று உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் இன்றும் உள்ளே.

வெளியே போக ஒரே வழி. பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் உச்சி அளவு எடுக்கப்படும். பிளாக்கின் சராசரியில் பாதிக்குக் கீழே எந்த மரம் போனாலும் அது சிவப்பு. தொண்ணூறு நாள் ஒரு மரமும் சிவக்காவிட்டால் அந்த பிளாக்கின் குடும்பங்கள் போகலாம். ஒன்று சிவந்தால் அதை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு மறுபடி ஒன்றாம் நாள். ஏழாம் பிளாக் ஒன்பது தடவை ஒன்றாம் நாளுக்குத் திரும்பியிருந்தது.

நான் அந்த பிளாக்கின் தொழிலாளர் லைன் வீடு ஒன்றில் ஒண்டியிருந்தேன். அவர்கள் போகும்போதுதான் நானும் போக முடியும். சென்னையில் யாருடைய கம்ப்யூட்டர்களையோ ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் காவல் காக்கும் வேலையை விட்டுவிட்டு, ஆறு மாதம் அமைதியாக இருக்கலாம் என்று வந்தவன். ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தைப் படிக்கவில்லை. பதினான்கு மாதமாகிவிட்டது.

எண்பத்து மூன்றாம் நாள் விடிந்ததிலிருந்து மழை. இலை நனைந்து, காற்றிலும் ஈரம் நிறைந்துவிட்டால் இலையிலிருந்து நீராவி போகாது. மேலே போகாவிட்டால் கீழிருந்து ஏறாது. ஏழாயிரம் கோடுகளும் தரையோடு தரையாகக் கிடந்தன. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஒன்று மட்டும் எழுந்து நின்றது. ஏழாம் பிளாக், 214.

குடையை எடுக்காமல் ஓடினேன்.

ஸ்டெல்லாபாய் பாலிதீன் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு மரத்தோடு ஒட்டி நின்றிருந்தாள். மேல் ஊசியின் உலோகத் தலையை வலது கையின் இரண்டு விரல்களால் பிடித்திருந்தாள். நாற்பத்து மூன்று வயது, பதினைந்து வயதிலிருந்து பால்வெட்டு. விரலின் சூடு ஊசிக்கு. ஊசியின் சூடு என் திரைக்கு.

"என்ன பண்றீங்க அக்கா?"

"மணி பன்னெண்டு பத்து ஆச்சா?"

"இல்ல."

"அப்ப செத்த நேரம் நில்லு மக்கா."

நின்றேன். இருவரும் நனைந்தோம். என் கைக்கடிகாரத்தைக் காட்டிய பிறகுதான் விரலை எடுத்தாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"மழை பெய்யுதுல்லா. மத்த மரம் எல்லாம் வயிறு முட்டக் குடிக்கும், இது மட்டும் கொறஞ்சா நீ கண்டுபிடிச்சிருவியேன்னு ஓடி வந்தேன்."

"மழையில மரம் குடிக்காதுக்கா."

"குடிக்காதா?"

"குடிக்காது."

"நாசமாப் போச்சு." சிரித்துவிட்டாள். பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப இருவத்தெட்டு வருசமா என்ன எழவ வெட்டினேன் நான்?"

"எத்தன நாளா நடக்குது?"

"நாப்பத்தொண்ணாம் நாளுல இருந்து. ஊசியில உள்ள லைட்டு மஞ்சளா மினுங்கிச்சு. அடுத்தது சிவப்புதான. ரூபி சொல்லிக்குடுத்தது ஞாபகம் வந்துது."

ரூபி பதினோராம் பிளாக்காரி. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த பிளாக் தொண்ணூறு நாளைத் தாண்டி வெளியே போனது. போவதற்கு முந்தின நாள் கம்பிவேலி வழியாக இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், மீன்குழம்புக்குப் பக்குவம் சொல்வதுபோல.

"நோய் வெளிய பரவினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

அவள் குனிந்தாள். பால்வெட்டுக் கத்தியால் மரத்தின் தூரில் மண்ணைக் கிளறினாள். "இங்க பாரு."

மண்ணை ஒட்டி மரம் யானைக்கால் மாதிரி வீங்கியிருந்தது. பட்டையைச் சுரண்டினாள். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு மரத்தைச் சுற்றிப் போனது. அதற்குக் கீழே ஈரம். மேலே காய்ந்த கட்டை.

"கீழ நாட்டு வேரு, மேல நல்ல ஜாதி. ஒட்டுப் போட்ட எடமாக்கும் இது. கெட்ட மரம் எல்லாத்துலயும் இங்கதான் வீங்கும். வேரு தண்ணி குடுக்கத்தான் செய்யுது. ஒட்டு விடல. இது தொத்து வியாதியா? நான் கத்தி எடுத்த காலத்துலயும் உண்டு, அங்க ஒண்ணு இங்க ஒண்ணு. அதுக்காக யாரும் கேட்டப் பூட்டல."

"இப்ப ஏன் இத்தன மரம் வரிசையாச் சாவுது?"

"ஒரே நர்சரிக் கண்ணு. ஒரே வருசம் நட்டது. இங்கன இல்ல, எல்லா நாட்டுக்கும் அங்க இருந்துதான் போச்சாம். அந்த வேருக்கும் இந்தத் தலைக்கும் ஒத்துக்கல. பதினெட்டு வருசம் பொறுத்துப் பாத்துட்டு ஒண்ணொண்ணா விடுது."

"ஆபீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். பால்வெட்டுக்காரி சொன்னா எழுத அந்த ஃபாரத்துல எடமில்லயாம்." மண்ணைக் காலால் தள்ளி மூடினாள். "இப்ப நீ என்ன செய்யப் போற?"

அவளுக்கு ஜின்சி என்று ஒரு மகள். கேட் விழுந்த அன்று குலசேகரத்தில் சித்தி வீட்டில் பள்ளிக்கூடத்துக்காக விட்டிருந்த ஒன்பது வயதுப் பிள்ளை. இப்போது பதின்மூன்று. தினமும் போனில் பார்க்கிறாள். "எவ்வளவு வளந்திருக்கான்னு போன்ல தெரியாதுல்லா" என்று என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். இன்னும் ஏழு நாள்.

"தெரியல" என்றேன். அது உண்மை.

அறைக்குத் திரும்பி ஈரச் சட்டையோடு உட்கார்ந்தேன். எஸ்டேட்டிலிருந்து இதுவரை மூன்று பிளாக்குகள் வெளியே போயிருக்கின்றன. இரண்டு, நாலு, பதினொன்று. அவை போவதற்கு முந்தைய மாதங்களின் மழை நாள்களைத் தேடி எடுத்தேன். பதினோராம் பிளாக்கில் எல்லாக் கோடும் படுத்திருக்க, ஆறு மரங்கள் பன்னிரண்டு மணிக்கு எழுந்து நின்றன. இரண்டாம் பிளாக்கில் நாலு. நாலாம் பிளாக்கில் ஒன்பது.

வெளியே போனவர்கள் அத்தனை பேரும் நோய் மரத்தை விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அதே கத்தி, அதே செருப்பு. முப்பத்தாறு குடும்பம். பாதிப் பேர் இப்போது வெளித் தோட்டங்களில் பால்வெட்டுகிறார்கள். அந்தத் தோட்டங்களின் அறிக்கை வாராவாரம் எங்களுக்கும் வரும். இரண்டு வருடமாக எல்லாம் பச்சை.

இரண்டு நாள் கழித்து வாராந்தர வீடியோ அழைப்பில் வசுந்தரா வந்தார். தொற்றுக் கட்டுப்பாட்டு அதிகாரி. நேர்மையானவர், தூங்காத முகம். ஏழாம் பிளாக்கின் எண்ணிக்கையைச் சரிபார்த்துவிட்டு, "வாழ்த்துகள் கிருபாகரன், அஞ்சு நாள்தான்" என்றார்.

"மேடம், இது பரவுற நோய்தானா?"

"நிச்சயமாத் தெரியாது."

"தெரியாமலா நாலு வருஷம்?"

"தெரியாததாலதான் நாலு வருஷம். கிருமின்னு எதையும் இதுவரைக்கும் பிரிச்செடுக்கல. ஆனா பரவாதுன்னு சொல்லவும் ஆதாரம் வேணுமில்ல?"

"எந்த மாதிரி ஆதாரம்?"

"நோய் மரத்துல வேலை பார்த்த ஆளுங்க, அதே கத்தியோட வெளிய போகணும். வெளி மரங்கள் ரெண்டு வருஷமாவது நல்லா இருக்கணும். அப்படி ஒரு சோதனைக்கு எந்த அரசாங்கம் கையெழுத்துப் போடும்? நான் போட மாட்டேன்."

என் முழங்கைக்குப் பக்கத்தில் அந்தச் சோதனையின் முடிவு இருந்தது. வாயைத் திறந்தேன்.

"யாராவது ஏமாத்திட்டு வெளிய போயிருந்தா?"

அவர் முகம் மாறியது. "ஏன் கேட்கறீங்க?"

"சும்மா."

"போயிருந்தா அவங்களை மட்டும் இல்ல, அவங்க போன ஊரையே அடைப்போம். விசாரணை முடியற வரைக்கும். ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. எனக்கு வேற வழி கிடையாது." பிறகு கொஞ்சம் தணிந்து, "ரொம்ப நாள் உள்ளயே இருந்துட்டீங்க. போய் நல்லாத் தூங்குங்க" என்றார்.

ஏழாம் பிளாக்குக்கும் ஒன்பதாம் பிளாக்குக்கும் நடுவே கம்பிவேலி ஓடுகிறது. சாயங்காலம் அந்தப் பக்கம் தாசையன் நிற்பார். அறுபது வயது. மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அதற்கு வைத்தியம் இல்லை. ஒன்பதாம் பிளாக்கில் சில மாதங்களாக மாதம் நாற்பது மரம் சிவக்கிறது. அங்கே தொண்ணூறாம் நாளை யாரும் பார்த்ததில்லை. முப்பதாம் நாளையும் பார்த்ததில்லை.

"சாரே, உங்க ஸ்டெல்லா உச்சிநேரம் ஆனா மரத்தக் கெட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கா" என்று போன மாதமே என்னிடம் சொன்னவர் அவர்தான். "புது மாப்பிள்ள கெடச்சாச்சோ? நம்ம பக்கத்துல மாப்பிள்ளமாரு நாப்பது பேரு சாவக் கெடக்காவ, அனுப்பி வைக்கட்டா?" நான் அவள் ஜெபம் செய்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

நாற்பது மரம். பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம், நாற்பது ஜோடி விரல். ஒன்பதாம் பிளாக்கில் வேலைக்கு ஆகிற ஆட்கள் பதினெட்டு பேர்தான். அவர்களுக்குக் கேட் திறக்க வேண்டுமென்றால் உண்மை ஒன்றுதான் வழி.

எண்பத்தாறாம் நாள் ஸ்டெல்லாபாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். நன்றாக வெயிலடித்தது.

"அப்ப நீ இதச் சொன்னா எல்லாருக்கும் கேட்டு தொறக்கும்."

"திறக்கலாம்."

"எப்ப?"

"வருஷம் ஆகலாம். விசாரிப்பாங்க, கமிட்டி போடுவாங்க. நம்பாமக்கூடப் போகலாம்."

"ரூபிய?"

"உள்ள கொண்டுவருவாங்க. அவ இருக்கிற ஊரையும் அடைப்பாங்க."

"ஜின்சி இருக்க தெருவுலதான் ரூபி இருக்கா."

"தெரியும்."

 ஊசியைப் பிடித்த கையின் மேல் இன்னொரு கையை வைத்துக்கொண்டாள். "அப்ப நான் உள்ள, அவளும் உள்ள. நடுவுல ரெண்டு கேட்டு."

"ஆமா."

"தாசையன் அண்ணனுக்கு?"

"சொல்லலைன்னா அவருக்கு எதுவும் இல்ல."

"நீ இத எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கலாம் மக்கா." கோபமாகச் சொல்லவில்லை. "உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யி. ஆனா செய்யதுக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லிரு. நான் வெரல எடுத்துக்கிடுதேன். வெயிலுல நின்னு கை கடுக்குது."

என் அறையின் சுவரில் விதிகள் அச்சடித்து ஒட்டப்பட்டிருக்கும். அவற்றின் அடியில் பேனாவால் எழுதிய ஒன்றும் இருந்தது: "விடியற்கால அளவுகளை நீக்கவும். காரணம்: பனி." எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த அன்பையன் எழுதியது. அவர் நாலாம் பிளாக்கோடு வெளியே போனவர். அவர் காலத்தில் அளவு நாளுக்கு இரண்டு முறை, விடிவதற்கு முன் ஒன்று, உச்சியில் ஒன்று. அவர் போனபோது விடியற்கால அளவு நின்றது, பழைய பதிவுகளும் அழிந்தன. இந்த மனிதனுக்கு மூளை இல்லையா என்று பலமுறை நினைத்திருக்கிறேன். பனி ஊசியை ஒன்றும் செய்யாது.

எண்பத்தேழாம் நாள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றுகொண்டிருந்தேன். கை பாதியில் நின்றது.

வெயில் வருவதற்கு முன்னால் எந்த மரமும் குடிக்காது. ஆனால் பால்வெட்டுகிறவர்கள் அந்த நேரத்தில்தான் மரத்தடியில் நிற்பார்கள். நாலாம் பிளாக்காரர்கள் இருட்டில் ஊசியைப் பிடித்திருக்கிறார்கள். எழக் கூடாத நேரத்தில் எழுந்த கோடுகளை அன்பையன் பார்த்திருக்கிறார். இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே கணக்கைப் போட்டிருக்கிறார். அவருடைய கையெழுத்து அழகானது, அவசரம் இல்லாதது.

எனக்கு வெளியே யாரும் காத்திருக்கவில்லை. அதனால் நான் தைரியசாலியாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அன்றே எண்பத்து மூன்றாம் நாளின் பதிவை நீக்கினேன். பேனாவை எடுத்து அன்பையனின் வரிக்குக் கீழே எழுதினேன்: "மழை நாள் அளவுகளை நீக்கவும். காரணம்: ஈரம்." மற்ற பிளாக்குகளின் பழைய மழை நாள்களை மட்டும் தொடவில்லை. அவை ஒரு மூலையில் கிடக்கட்டும், என்றாவது யாராவது பார்க்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தொண்ணூறாம் நாள் வசுந்தரா நேரில் வந்தார். பாதுகாப்பு உடையில் வியர்த்தபடி என் நாற்காலியில் உட்கார்ந்து, ஏழாம் பிளாக்கின் நாள்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

"எண்பத்து மூணு ஏன் காலியா இருக்கு?"

"மழை மேடம். ஊசியில ஈரம் இறங்கினா அளவு தப்பா வருது." சுவரைக் காட்டினேன்.

இரண்டு கையெழுத்துகளையும் படித்தார். நெடுநேரம் படித்ததாக எனக்குத் தோன்றியது. "நல்ல வேலை. இதை எங்க ஆட்களே கவனிச்சிருக்கணும். பழைய பதிவுகள்லயும் இந்தக் குழப்பம் இருக்குமே?"

"இருக்கலாம்."

"எல்லா பிளாக்குக்கும், ஆரம்பத்துல இருந்து, மழை நாள்களை நீக்கிடுங்க. நான் உத்தரவு போடறேன். தப்பான தரவை வெச்சுக்கிட்டு நாளைக்கு யாராவது தப்பான முடிவுக்கு வந்துடக் கூடாது."

அவர் கேட்ட ஆதாரம் இந்த உலகத்தில் அந்த ஒரு கணினியில்தான் இருந்தது. உறுதியா என்று திரை கேட்டது. நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அழுத்தினேன். நாலு வருட மழை பதினோரு நொடியில் போனது.

மறுநாள் காலை பெட்டியோடு வேலி ஓரமாகப் போகும்போது அந்தப் பக்கம் தாசையன் நின்றிருந்தார். வேலிக்குள் கைவிட்டு ஒரு சீப்பு மட்டிப்பழத்தைக் கொடுத்தார்.

"எங்க பக்கத்துல எப்பிடி சாரே? கொஞ்சமாவது கொறையுதா?"

"குறையும்."

"நீரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும். மெசினப் பாத்தவருல்லா." அவர் மனைவி பின்னால் சுவரைத் தடவியபடி வெளியே வந்தாள். யார் போகிறார்கள் என்று கேட்டாள். "கம்ப்யூட்டர் சாரு" என்றார் அவர். நான் பழத்தை வாங்கிக்கொண்டேன்.

அறையில் என் இடத்துக்குப் புதிதாக வந்திருந்த பெண்ணின் பெயர் பிரிசில்லா. ஆறு மாத ஒப்பந்தம் என்று உற்சாகமாகச் சொன்னாள். நாலாம் பக்கத்தைப் படித்தாயா என்று நான் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்தேன். ஜன்னல் வழியாகக் கேட் தெரிந்தது. ஸ்டெல்லாபாயின் கத்தியை மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஒரு பெண்பிள்ளை நின்றது, அம்மாவைவிட ஒரு பிடி உயரமாக. இருவரும் கிட்டே போகாமல், எப்படி நிற்பது என்று தெரியாமல் நின்றார்கள். பிறகு ஸ்டெல்லாபாய் அவள் கையைப் பிடித்தாள். முழுக் கையை அல்ல, ஒரு விரலை, இரண்டு விரல்களால்.

"சார், இது எதுக்கு?" பிரிசில்லா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழை பெஞ்சா அளவு சரியா வராது."

"மழையில மரம் தண்ணியே குடிக்காதே. கோடு சும்மா தரையிலதான கிடக்கும்?" நெற்றியைச் சுருக்கினாள். "அதுல நீக்கறதுக்கு என்ன இருக்கு?"

நல்ல கேள்வி. நான் பதினான்கு மாதமாக அன்பையனின் வரியைப் பார்த்துக் கேட்காத கேள்வி. பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

மேஜையில் பேனா இருந்தது. என் வரிக்குக் கீழே சுவரில் இன்னும் இடமும் இருந்தது.